காது அடைச்சிருக்கா? அடைப்பு எங்கே என்று பார்ப்போம்

சுகாதாரப் பாடம்



காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். வயிற்றாலே போனால் ஓடுகிறோம். காது அடைத்தால் மட்டும் யாரும் ஓடுவதில்லை. "காது கும்முனு இருக்கு", "காதுக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மலைக்குப் போகிறோம், கொழுந்து எடுக்கிறோம், வருகிறோம். வலி இல்லையே, தானாகச் சரியாகும் என்று இருந்துவிடுகிறோம். பல நேரம் தானாகவே சரியாகிறது. சில நேரம் சரியாகாமல், கேட்கும் சக்தியையே கொண்டுபோய்விடுகிறது. எது எந்த வகை என்று கண்டுகொள்வதற்காகவே இந்தப் பாடம்.

ஒரு பயணத்தை நினைத்துக்கொள்வோம்

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி வன்னியில் குடியேறிய நம் ஆட்கள் ஏராளம். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு பக்கமெல்லாம் நமக்குச் சொந்தபந்தம் உண்டு. நல்லது கெட்டதுக்குப் போய் வருகிறோம்.

அப்படி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் விசுவமடுவில் இருக்கும் சித்தி வீட்டுச் சடங்குக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குத் தடிமன். பஸ் கண்டிக்கு இறங்கும்போதே இரண்டு காதும் அடைத்துவிட்டன. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா தாண்டி, பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, விசுவமடுவில் இறங்கியபோதும் அடைப்புப் போகவில்லை.

சித்தி வீட்டில் பேச்சுத் தொடங்கியது.

"என்னாடி, கூப்புடக் கூப்புடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குற?"

"காது அடைச்சிக்கிச்சு சித்தி. இவனுக்கும் ரெண்டு மாசமா அப்படித்தான். ஸ்கூல்ல டீச்சர் சொல்றது ஒன்னும் காதுல விழமாட்டேங்குதாம்."

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவருக்கு முந்தாநாள் காலையில எந்திரிக்கும்போதே ஒரு காது அடைச்சிருச்சாம். உள்ளுக்குள்ள கொய்ய்னு சத்தமாம். ஸ்டோர்ல ரோலர் மெசின் பக்கத்துல வேலை, அதுதான்னு சொல்றாரு."

"எனக்குந்தான் 2009ல இங்க ஷெல் விழுந்ததுலருந்து இந்தக் காது அடைப்பு. மழை காலத்துல சீழும் வரும்" என்று சொல்லிக்கொண்டே சித்தி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சினார். நாலு பேர் காதிலும் அதையே ஊற்றினார்கள்.

நாலு பேரும் சொன்ன சொல் ஒன்று: அடைப்பு. ஆனால் நாலு பேருக்கும் அடைப்பு இருக்கும் இடம் வேறு வேறு. அந்த எண்ணெய் ஒருவருக்கும் உதவவில்லை. ஒருவருக்குக் கெடுதலே செய்தது. ஏன் என்று பார்ப்போம்.

காது ஒரு தப்பு மாதிரி

காதுத் துவாரத்துக்குள் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர் போனால் ஒரு மெல்லிய தோல் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் செவிப்பறை. தப்புத் தோல் மாதிரி, சத்தம் பட்டால் அதிரும். அதற்குப் பின்னால் ஒரு சின்னக் காம்பரா. அதை நடுக்காது என்பார்கள். அங்கே காற்று மட்டுமே இருக்க வேண்டும். மூன்று சிறிய எலும்புகள் செவிப்பறையின் அதிர்வை அந்தக் காம்பரா வழியாக உட்காதுக்குக் கொண்டுபோகின்றன. உட்காதிலிருந்து நரம்பு மூளைக்குச் செய்தி சொல்கிறது.

நடுக்காதுக் காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல். அது ஒரு குழாய். பெரியவர்களுக்கு மூன்றரை சென்ரிமீற்றர் நீளம். மூக்கின் பின்பக்கம், தொண்டைக்கு மேலே போய்த் திறக்கும். 16ஆம் நூற்றாண்டில் அதை விளக்கி எழுதிய இத்தாலிய வைத்தியரின் பெயரால் ஊத்தேக்கியாவின் குழாய் என்பார்கள். நாங்கள் காதுக்குழாய் என்றே சொல்லுவோம். சாதாரண நேரம் அது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் 'டிக்' என்று ஒரு கணம் திறந்து உள்ளே காற்றை விடும்.

இங்கேதான் முக்கியமான விசயம். செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர் காதில் எதை ஊற்றினாலும் அது செவிப்பறையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் காம்பராவுக்கோ காதுக்குழாய்க்கோ போய்ச் சேராது. முன்வாசலில் எண்ணெய் ஊற்றிப் பின்ஜன்னலைத் திறக்க முடியுமா?

அம்மாவுக்கு: மலை இறங்கிய அடைப்பு

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். விசுவமடு தாழ்ந்த சமவெளி. இறங்க இறங்கக் காற்று வெளியிலிருந்து செவிப்பறையை உள்ளே அமுக்குகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெறும் பிளாஸ்டிக் போத்தலை மேலே நுவரெலியாவில் இறுக மூடிப் பையில் போடுங்கள். தம்புள்ளையில் எடுத்துப் பாருங்கள், நசுங்கியிருக்கும். தடிமன் பிடித்தவரின் காதும் அப்படித்தான். தடிமனில் காதுக்குழாயின் வாய் வீங்கி மூடிக்கொள்வதால், அழுத்தத்தைச் சரிப்படுத்தக் காற்று உள்ளே போக வழியில்லை.

செய்ய வேண்டியது: அடிக்கடி எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிப் பாருங்கள். வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக ஊதினாலும் குழாய் திறக்கும். பலமாக ஊதக் கூடாது, செவிப்பறைக்கு ஆபத்து. மூக்கில் சளி கட்டியிருக்கும்போது இந்த ஊதலே வேண்டாம், சளி காதுக்குள் ஏறும். கைப்பிள்ளை என்றால் இறக்கத்தில் பால் கொடுங்கள். தூங்கும் பிள்ளையை இறக்கம் தொடங்குமுன் எழுப்பிவிடுங்கள்.

மூக்கடைப்புக்குக் கடையில் விற்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் பாவிக்காதீர்கள். அதற்கு மேல் போனால் மருந்தாலேயே மூக்கு அடைக்கும். பிரஷர் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கேட்காமல் பாவிக்கவே கூடாது. மூக்கைக் கழுவ உப்புத் தண்ணீர் நல்லது. காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

இந்த அடைப்புப் பெரும்பாலும் தடிமனோடு சில நாளில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழிந்தும் போகாவிட்டால் காட்ட வேண்டும். சிலருக்குத் தூசி, விறகுப் புகை, பீடி, சிகரட் புகையால் மூக்கின் உள்தோல் எப்போதும் வீங்கியே இருக்கும். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், மூக்கரிப்பு என்று இருந்தால் அது பீனிசம். அப்படிப்பட்டவருக்கு வைத்தியர் தினமும் அடிக்கும் மூக்கு ஸ்பிரே தருவார். அது உடனே வேலை செய்யாது, சில வாரம் விடாமல் அடிக்க வேண்டும். அடுப்புப் புகை வெளியே போக வழி வையுங்கள், அதுவும் மருந்துதான்.

மகனுக்கு: காதுக்குள் நீர்

சின்னப் பிள்ளைகளின் காதுக்குழாய் கட்டை, படுத்தவாக்கில் இருக்கும். அதன் வாசலில் இருக்கும் சதை வளர்ந்தாலும் மூடிக்கொள்ளும். தடிமன் போன பிறகும் நடுக்காதில் கோந்து மாதிரி நீர் தங்கிவிடும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிள்ளை முறையிடவும் மாட்டான். ஆனால் தப்பில் ஈரம் பட்டால் என்ன ஆகும்? தோல் தொங்கிப்போய் 'தொப் தொப்' என்றுதானே கேட்கும்! பிள்ளைக்கும் உலகம் அப்படித்தான் கேட்கிறது.

அடையாளங்கள் இவை: டீவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "என்னா? என்னா?" என்று கேட்பான். வாயைத் திறந்து தூங்குவான், குறட்டை விடுவான். சொற்களைத் தெளிவில்லாமல் பேசுவான். வீட்டில் "சொல் பேச்சுக் கேக்காதவன்" என்றும் பள்ளிக்கூடத்தில் "மக்கு" என்றும் பெயர் வாங்குவான். காது கேட்காத பிள்ளைக்கு அடி போட்டு என்ன பயன்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அன்ரிபயோட்டிக்கோ தடிமன் குளிசையோ அதை வற்றச் செய்வதில்லை. எனவே வைத்தியர் "மருந்து வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் கவனிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். அதுதான் சரியான வைத்தியம். ஆனால் பொறுத்துப் பார்ப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. சொன்ன திகதிக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்குப் பின்னும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்கும் சக்தியும் குறைந்திருந்தால், செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். அதற்குக் குரோமெட் என்று பெயர். 1954 முதல் உலகம் முழுவதும் செய்துவரும் சிறிய சத்திரசிகிச்சை. பல மாதம் கழித்து அது பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

அதுவரை டீச்சரிடம் சொல்லி முன்வரிசையில் உட்கார வையுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளை இருக்கும் காம்பராவில் யாரும் புகை பிடிக்க வேண்டாம். கைக்குழந்தைக்குப் போத்தலைக் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தாய்ப்பால் காதுக்கும் காவல்.

அப்பாவுக்கு: அடைப்பு மாதிரித் தோன்றும் ஆபத்து

நாலு பேரில் அவசரமானவர் இவர்தான். தடிமன் இல்லை, வலி இல்லை. காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்திருக்கிறது, உள்ளே இரைச்சல். எல்லாரும் குறும்பி என்றே நினைப்பார்கள். ஆனால் இது உட்காது நரம்பின் கோளாறாக இருக்கலாம். ஒரே நாளில் அல்லது மூன்று நாளுக்குள் கேட்கும் சக்தி இறங்கிவிடும். மூளைக்குச் செய்தி போகாததை நமக்கு 'அடைப்பு' என்றே உணரத் தோன்றுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று இழுத்து முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால், அடைப்புப் பெரும்பாலும் குறும்பி, நீர் போன்றதாக இருக்கும். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால், அது நரம்புக் கோளாறின் அடையாளம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தச் சோதனை வைத்தியருக்குப் பதில் ஆகாது. சந்தேகமாக இருந்தாலும் போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் இதையே இசைக்கவையைத் தட்டித் தலையில் வைத்துப் பார்ப்பார்கள், பிறகு கேட்டல் பரிசோதனை செய்வார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்டீரொய்ட் குளிசையோ, காதுக்குள் ஊசியோ கொடுப்பார்கள். முதல் சில நாளில் தொடங்கினால் பலன் அதிகம். இரண்டு வாரம் கடந்தால் பலன் மிகவும் குறைந்துவிடும். நம் கதையில் அப்பா பூண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டு, சடங்கு முடித்து, ஊர் திரும்பி, பேர் விழாமல் போய்விடுமே என்று இன்னும் இரண்டு கிழமை வேலைக்குப் போனார். போன பிறகு வைத்தியர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் முதல் நாளே வரல்ல?" ஒரு நாள் பேருக்குப் பார்த்து ஒரு காதை இழந்தார். உறவுகளே, இதை மட்டுமாவது ஞாபகத்தில் வையுங்கள்.

ரோலர் மெசின் பற்றியும் ஒரு சொல். மெசின் சத்தம் ஒரே நாளில் காதை அடைப்பதில்லை. வருசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வேலை விட்டு வரும்போது காது கும்மென்றும் கொய்ய் என்றும் இருந்தால் அது முதல் எச்சரிக்கை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்குக் கெடுதல். காது மூடி கேட்டு வாங்கிப் போடுங்கள். பஞ்சு மட்டும் போதாது. செத்த நரம்பு திரும்ப முளைப்பதில்லை.

சித்திக்கு: ஓட்டை விழுந்த செவிப்பறை

2009 தொடக்கத்தில் விசுவமடுப் பகுதியிலும் கடும் ஷெல்லடி நடந்தது. குண்டு வெடிக்கும்போது வரும் காற்றின் அடி செவிப்பறையைக் கிழித்துவிடும். கன்னத்தில் ஓங்கி அறைந்தாலும் கிழியும். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடும். மூடாத ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் சீழ் பிடிக்கும்.

இவர் காதில் எண்ணெய் ஊற்றியதுதான் பெரிய தவறு. ஓட்டை வழியாக அது நடுக்காதுக்கே போய்விட்டது. இவர் செய்ய வேண்டியது காதை நனையாமல் காப்பது. குளிக்கும்போது பஞ்சில் வஸ்லின் தடவிக் காதில் வைக்க வேண்டும். குளத்தில் முங்கக் கூடாது. சீழ் வந்தால் வைத்தியர் தரும் சொட்டு மருந்தைப் போட வேண்டும். ஓட்டையைத் தன் உடம்பின் மெல்லிய சவ்வாலேயே மூடும் சத்திரசிகிச்சை இருக்கிறது. பத்து, பதினைந்து வருசம் ஆகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், இப்போதும் காட்டலாம்.

சீழ் நாற்றம் அடித்தால் மிகவும் கவனம். உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் ஒரு நோய் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுவதற்கும் மூளைக்குச் சீழ் ஏறுவதற்கும் அது வழி செய்யும். சத்திரசிகிச்சையே அதற்கு வைத்தியம்.

இன்னும் சில காரணங்கள்

குறும்பி: இது அழுக்கு அல்ல, காதின் காவல்காரன். தானாக வெளியே வரும். நாம்தான் ஹேர்பின், தீக்குச்சி, பஞ்சுக் குச்சி விட்டு உள்ளே தள்ளி அடைக்கிறோம். குளித்ததும் திடீரென்று அடைத்தால் குறும்பி ஊறி வீங்கியிருக்கும். மருந்துக் கடையில் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து உண்டு. சில நாள் போட்ட பின் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கழுவி எடுப்பார்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர், சீழ் வருபவர் இதைச் செய்யக் கூடாது.

வெற்றிலை: நாள் முழுக்க மெல்லும்போது காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு நோகும். அதுவும் காது அடைப்பு மாதிரியே தெரியும். பாக்கினால் வாயின் உள்தோல் இறுகி வாய் திறக்க முடியாமல் போனால், காதுக்குழாயைத் திறக்கும் அண்ணத் தசையும் இறுகிவிடும். அது வாய்ப் புற்றுநோய்க்கும் முன்னறிவிப்பு. மூன்று விரலை நெட்டாக வாய்க்குள் வைக்க முடியாதவர் உடனே காட்டுங்கள்.

தலைசுற்று: காது கும்மென்று நிறைந்து, இரைச்சலும் வந்து, மணிக்கணக்கில் உலகமே சுற்றி வாந்தியும் வந்தால் அது மெனியே நோயாக இருக்கலாம். 1861இல் பாரிஸ் வைத்தியர் மெனியே இது காதிலிருந்து வருவது என்று காட்டினார். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், மருந்தும் உண்டு.

ஒரு பக்க அடைப்பு: பெரியவர் ஒருவருக்குத் தடிமன் இல்லாமல் ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், மூக்கின் பின்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே கட்டி வளர்ந்து குழாயை மூடியிருக்கக்கூடும். மூக்குச் சளியில் இரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உடனே போக வேண்டிய அடையாளங்கள்

1. திடீரென்று ஒரு காது கேட்காமல் போதல்.
2. நாற்றமுள்ள சீழ் அல்லது இரத்தம் வடிதல்.
3. முகம் கோணுதல், கடும் தலைசுற்று, காதுக்குப் பின்னால் வீக்கம்.
4. காய்ச்சலோடு கடும் காதுவலி அல்லது தலைவலி.
5. பிள்ளையின் காதில் பட்டன் பற்றரி போன ஏதாவது சிக்கியிருத்தல். நீங்களே தோண்டாதீர்கள்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். "காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்புங்க ஐயா" என்று வாய் திறந்து கேளுங்கள். திடீரென்று கேட்காமல் போனவர் துண்டுக்காகக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயணத்தில் இருந்தால் இருக்கும் இடத்திலேயே காட்டுங்கள். விசுவமடுவில் இருப்பவர் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்கேயும் இலவசம்தான். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள்.

எத்தனை நாளாக, ஒரு காதா இரண்டா, சத்தம் உண்டா, சீழ் உண்டா, தலைசுற்று உண்டா, என்ன ஊற்றினீர்கள் என்ற ஆறையும் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றியதை மறைக்காதீர்கள். யாரும் அடிக்கப் போவதில்லை.

பாடத்தைச் சோதித்துப் பார்ப்போம்

இந்தக் கேள்விகளைப் பிள்ளைக் காம்பராவிலோ மாதர் கூட்டத்திலோ ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள்.

1. காதில் ஊற்றும் எண்ணெய் ஏன் காதுக்குழாய்க்குப் போய்ச் சேராது?
2. மலை இறங்கும்போது கைப்பிள்ளைக்கு ஏன் பால் கொடுக்க வேண்டும்?
3. "ம்ம்ம்" சோதனையில் நல்ல காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் என்ன செய்வோம்?
4. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாட்டி காலத்துப் பூண்டு எண்ணெயை ரசத்துக்குத் தாளிக்க வைத்துக்கொள்வோம். காது அடைத்தால் முதலில் கேட்க வேண்டியது "என்ன ஊத்துறது?" என்றல்ல. "அடைப்பு எங்கே?" என்றுதான்.